எஃப் டிரைவும் ஒரு ஜோடி சாக்ஸும்

நான்கு மணி ஆனால் எனக்குப் பால் சுரந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். ரவிக்கைக்குள் மடித்து வைத்திருக்கும் துணி நனையத் தொடங்கும். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கீபோர்டில் கை வைப்பேன். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், ஆறு குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவிடம் அவள் இருப்பாள். நான் பிரேசர் டவுனில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் ஒரு மையத்தின் மாடியறையில் உட்கார்ந்து, ஊரார் குழந்தைகளுக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டு பஸ் இருந்தது.

மகள் இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். இதை எழுத வேண்டுமா என்று பல தடவை யோசித்துவிட்டேன். பெரிய விஷயம் ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் தவறான ஊசி போடவில்லை. எனக்கு மாலையில் இரண்டு மணி நேரம் போனது, அவ்வளவுதான்.

வேலை இப்படி. கீழ்த்தளத்தில் கவுண்ட்டர். தாய்மார்கள் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். கவுண்ட்டரில் இருந்த அக்கா மர்பி டவுன்காரர், அந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருப்பவர். ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஊசி போட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார். ஐந்து மணிக்கு மையம் மூடியதும் அந்தச் சீட்டுக் கட்டு மாடிக்கு வரும். நானே எழுதிய ஒரு புரோகிராமில் அதை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வியாழக்கிழமை தோறும் அந்தப் பதிவுகளிலிருந்துதான் தபால் கார்டுகள் அச்சாகும்: உங்கள் குழந்தைக்கு இன்ன தேதியில் இன்ன ஊசி, தவறாமல் கொண்டு வரவும்.

குழந்தை பிறப்பதற்கு முன் இதில் எனக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. ஏழு மணிவரை உட்கார்ந்து ஏற்றிவிட்டு, எட்டே காலுக்கு வீடு சேருவேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு அதே எட்டே கால் வேறாகிவிட்டது. மகள் எட்டு மணிக்குத் தூங்கிவிடுவாள். ஃபாக்டரி பஸ்ஸில் வந்து இறங்கும் கணவர் அவளைக் கூட்டி வந்து, புட்டிப் பால் கொடுத்துத் தூங்க வைத்திருப்பார். காலையில் ஆறு மணிக்கு அரைத்தூக்கத்தில் அவள் என்னிடம் குடிப்பதுதான் மிச்சம். அதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். மாலையில் ஒரு வேளையாவது, அவள் விழித்திருக்கும்போது, அவசரமில்லாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் குடிக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதற்கு நான் ஐந்து மணிக்கு எழுந்து போக முடிய வேண்டும்.

அந்தச் சமயத்தில் மையத்துக்கு ஒரு சர்வர் வந்தது. கணக்குப் பிரிவில் ஒரு மூலையில் அதை வைத்து, எல்லா அறைக்கும் கேபிள் இழுத்தார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் எஃப் என்ற எழுத்தில் ஒரு டிரைவ் தெரியும். இங்கே வைத்த ஃபைலை அங்கே திறக்கலாம். கேபிள் இழுக்க வந்த இன்ஜினியர் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர், ஆனாலும் நன்றாகத் தமிழ் பேசுவார். அவரிடம் கேட்டேன்.

"பதிவெல்லாம் இருக்கிற என் டேட்டாபேஸ எஃப் டிரைவ்ல வெச்சுட்டு, கவுண்ட்டர்லயும் ஒரு கம்ப்யூட்டர் போட்டா, சீட்டு எழுத எழுத அங்கயே ஏத்திடலாம் இல்லையா?"

"பேடா மேடம், வேண்டாம். லெட்டர், லிஸ்ட்டு வைங்க. டேட்டாபேஸ் வெக்காதீங்க."

"ஏன்?"

"நீங்க எழுதின புரோகிராம் ஒரு ஆளுக்கு எழுதினது. ரெண்டு பேரும் ஒரே டைம்ல சேவ் பண்ணா, ரெண்டு மெஷினும் கடைசி பதிவுக்கு அடுத்த இடம் காலின்னு நெனச்சு அதே இடத்துல எழுதும். ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் எழுதாம பூட்டு போடலாம். ஆனா நெட்வொர்க்ல அந்தப் பூட்டு சில சமயம் நிக்கும், சில சமயம் நிக்காது. இதுக்குன்னே தனியா டேட்டாபேஸ் சர்வர் இருக்கு. அத வாங்கச் சொல்லுங்க."

மையத்தை நடத்திய டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என் மகளுக்கு ஒன்றரை வயது ஆகியிருக்கும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதக் கூடாது, அவ்வளவுதானே? எழுதுவது இரண்டே பேர்தான், நானும் அக்காவும். பூட்டை மெஷினிடம் ஏன் விட வேண்டும்? நாங்களே வைத்துக்கொள்ளலாமே. மறுநாள் இதைச் சொன்னதும் டாக்டரம்மா கவுண்ட்டருக்கு ஒரு கம்ப்யூட்டர் தரச் சம்மதித்து, "ஜாக்கிரதையா செய்வேன்னு நம்பறேன்" என்றார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

முதலில் இன்டர்காமில் சொல்லிக்கொண்டோம். "அக்கா, நான் எடுத்துக்கிட்டேன்." "நான் விட்டுட்டேம்மா." இரண்டாம் நாளே யார் எடுத்தது, யார் விட்டது என்று குழம்பிவிட்டது. அன்று ஒன்றும் கெடவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பொருள் வேண்டும், அது யாருடைய மானிட்டர் மேல் இருக்கிறதோ அவர் மட்டுமே எழுத வேண்டும் என்றேன். அக்கா ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அதை யார் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தூக்கிக்கொண்டு நடப்பது?

அப்போதுதான் நான் கைக்குட்டை எடுக்கும்போது என் பையிலிருந்து மகளின் சாக்ஸ் ஒன்று கீழே விழுந்தது. எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் கம்பளிச் சாக்ஸ், என் கட்டைவிரல் நீளம் இருக்கும். நான்கு மணிக்கு அதை எடுத்து முகர்ந்து பார்ப்பதற்காகப் பையில் வைத்திருந்தேன். எண்ணெய், பவுடர், புளித்த பால் எல்லாம் சேர்ந்த வாசனை. அக்கா அதை எடுத்து இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ஆபீஸுக்குக் குழந்தைக் கால எடுத்துக்கினு வந்துகீற?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "தவறி வந்துடுச்சு அக்கா."

"தவறி வந்துச்சாம்! மூணு பெத்தவ நானு, என்கிட்டயே சொல்றா." சாக்ஸைச் சுருட்டிக் கையால் எடை பார்த்தார். "இதான் சரி. மேலேர்ந்து போட்டாலும் யார் மண்டையும் ஒடையாது."

அப்படித்தான் அந்த மஞ்சள் சாக்ஸ் எங்கள் பூட்டு ஆனது. காலையில் அது கவுண்ட்டர் மானிட்டர் மேல் இருக்கும். நான்கு மணி வாக்கில் கூட்டம் குறைந்ததும் அக்கா புரோகிராமை மூடிவிட்டு, படிக்கட்டின் அடியில் வந்து நின்று, சுருட்டி மேலே எறிவார். நான் பிடித்து என் மானிட்டர் மேல் வைத்துக்கொண்டு, திருத்தங்களைச் செய்து, நான்கே முக்காலுக்கு ஃபைலின் ஒரு பிரதியை என் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவேன். நடுவில் எனக்கு ஏதாவது பார்க்க வேண்டியிருந்தால் மாடியிலிருந்து "அக்கா, சாக்ஸ்!" என்று கூப்பிடுவேன். வரிசையில் நிற்கும் தாய்மார்கள் சிரிப்பார்கள். "ஒத்தக் கால் சாக்ஸ வெச்சுக்கினு ஆஸ்பத்திரியே நடத்துறோம், பாத்துக்கம்மா" என்று அக்கா அவர்களிடம் சொல்வார்.

ஏழு வாரம் அது நன்றாக நடந்தது. ஐந்து மணிக்கு நான் தெருவில் இருப்பேன். சிவாஜி நகரில் பஸ் மாறி, ஆறே காலுக்கெல்லாம் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுவேன். புடவை மாற்றக்கூடப் பொறுமை இருக்காது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் முதலில் வேகமாகக் குடிப்பாள், பிறகு மெதுவாக, பிறகு குடிப்பதை விட்டுவிட்டு என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஏதோ சொல்வாள், மறுபடி குடிப்பாள். தெருவில் பூக்காரர் கூவிக்கொண்டு போவார். கணவர் வந்து, ஷூவைக் கழற்றாமலே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்த ஏழு வாரத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்து வைத்திருக்கலாம். அப்போதும் நான் பாதி நேரம், காபி எடுத்தேனா, புரோகிராமை மூடினேனா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காபி என்றா எழுதினேன்? காப்பி, ஃபைலின் பிரதி. நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம்.

தவறு என்னுடையது. ஒரு மாதம் மானிட்டர் சூட்டில் இருந்ததாலும் அக்காவின் கையில் இருந்த ஸ்பிரிட் வாசனையாலும் அந்தச் சாக்ஸில் மகளின் வாசனை போய்விட்டது. முத்திரை மை மாதிரி ஒரு நெடிதான் மிஞ்சியது. நான்கு மணிக்கு முகர்ந்து பார்க்க எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் வீட்டில் இருந்த மற்றொரு சாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் பெய்த மழையால் வராதவர்கள் எல்லாரும் அன்று வந்ததில் கீழே கூட்டம் குறையவே இல்லை. நான்கு மணிக்கு அக்கா எதுவும் எறியவில்லை. நான் பையிலிருந்து என் சாக்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. ஒரு தாய், தன் குழந்தைக்கு எந்தத் தேதி என்று கேட்டார். எழுதிக்கொள்ளப் பேனா எடுக்க வேண்டும், கை காலியாக வேண்டும். சாக்ஸை வைத்தேன். எங்கே வைத்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. கை ஏழு வாரமாக எங்கே வைக்குமோ அங்கே வைத்தது.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். மானிட்டர் மேல் மஞ்சள் சாக்ஸ். நான்கு மணி. சரி, என் முறை என்று திருத்தங்களைத் தொடங்கினேன். பெயர் மாற்றம், முகவரி மாற்றம், புதுப் பதிவு என்று முக்கால் மணி நேரம் ஏற்றினேன். கீழே அக்காவும் தன் மானிட்டர் மேல் சாக்ஸ் இருப்பதைப் பார்த்துக்கொண்டே ஏற்றிக்கொண்டிருந்தார். நான்கே முக்காலுக்கு ஒழுங்காக, எப்போதும் போல, ஃபைலின் பிரதியை எடுத்து முந்தின நாள் பிரதி மேல் எழுதினேன். சாக்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். அப்போதுகூட, இது ஏன் என் பைக்குள் போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் மாலையும் ஒரு பிரதி எடுத்தேன். கெட்டுப்போன ஃபைலை இரண்டு நாள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கார்டு அச்சாகும்போது அக்காதான் கண்டுபிடித்தார்.

"ஏம்மா, இந்தப் பொம்பள நம்ம தெருதான். அவளுக்குப் பையன்தானே? பொண்ணு பேரு போட்டிருக்குது."

அடுத்த கார்டில் பெயர் ஒருவருடையது, முகவரி இன்னொருவருடையது. ஒரே பதிவு எண்ணுக்கு இரண்டு குழந்தைகள். பையைத் திறந்து பார்த்தேன். சாக்ஸ் உள்ளே இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். கவுண்ட்டர் மானிட்டர் மேலும் இருந்தது. அந்தப் படிக்கட்டில் நின்றபடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இன்ஜினியரை வரவழைத்தார்கள். டாக்டரம்மாவின் அறையில் நாங்கள் மூன்று பேர்.

"நான் அன்னைக்கே சொன்னேன் மேடம்" என்றார் அவர், கோபமில்லாமல். "நெட்வொர்க் டிரைவ்ல டேட்டாபேஸ் இப்படித்தான். ரெண்டு பேர் எழுதினது ஒண்ணு மேல ஒண்ணு போயிருக்கு. எது எதுன்னு இப்ப யாராலயும் பிரிக்க முடியாது."

"பழைய காப்பி?" என்றார் டாக்டரம்மா.

ஒன்றாம் தேதி ஃப்ளாப்பியில் எடுத்தது ஒன்றுதான் நல்லது என்றேன். அதற்குப் பிறகு மூன்று வாரச் சீட்டு.

"எந்தெந்தப் பதிவு கெட்டதுன்னு தெரியாதுன்னா எல்லாத்தையும்தான் திரும்ப ஏத்தணும். ஒரு குழந்தைக்குக்கூடத் தப்பாகக் கூடாது." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உன் மேல தப்பு இல்லம்மா. நான்தான் சம்மதிச்சேன். இனிமே இந்த எஃப் டிரைவ் வேண்டாம். பழையபடியே மாடில, சாயங்காலத்துல ஏத்திடு. புது சர்வர் வந்தப்புறம் பாத்துக்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். சாக்ஸ் இரண்டு இருந்தது டாக்டர், ஏற்பாட்டில் தப்பில்லை, நான்தான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏற்பாடு பிழைக்கும், ஐந்து மணி பிழைக்கும். ஆனால் ஏன் இரண்டாவது சாக்ஸ் என்று கேட்பார். இன்ஜினியர் முன்னால், நான்கு மணிக்கு என் மகளின் சாக்ஸை முகர்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நம்புகிறேன் என்று சொன்னவரிடம் எப்படிச் சொல்வது? "சரி டாக்டர்" என்றேன்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடு. என்ன, திட்டுவாங்க. திட்டட்டுமே."

"சொல்றேன்."

மறுநாள் டாக்டரம்மா ஊரில் இல்லை. அதற்கு மறுநாள் அவர் முகம் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு வாரம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்பது மாலைகள் அந்தச் சீட்டுகளை ஏற்றினேன். அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு என்னுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். "தாய் பேரு... அடடா, என் எழுத்து எனக்கே தெரியலயே." நான் சிரிக்காததைப் பார்த்து, "இன்னா, பால் கட்டிக்கிச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். பாத்ரூமுக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வரச் சொன்னார். வாஷ்பேசினில் வெந்நீர்கூட இல்லை. குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, சத்தம் கேட்காமல் பீய்ச்சினேன்.

ஒன்பது மாலைக்குப் பிறகு தினசரிச் சீட்டுகள். மறுபடி எட்டே கால். இரண்டு வாரத்தில் நான்கு மணிக்குத் துணி நனைவது குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, அதே நாற்காலியில் அவளை மடியில் போட்டுக்கொண்டேன். வாய் வைத்தாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மேசைமேல் இருந்த புட்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள். அழவில்லை. கணவர் அந்தப் புட்டியை எடுத்துத் தருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். நானே எடுத்துக் கொடுத்தேன். காலை வேளையும் அந்த மாதத்தோடு நின்றது.

புது சர்வர் மறு வருஷம் வந்தது. எத்தனை பேர் எழுதினாலும் ஒன்றும் ஆகாது என்று இன்ஜினியர் காட்டினார். அன்று கவுண்ட்டர் மேசையை ஒழித்துக்கொண்டிருந்த அக்கா மாடிக்கு ஏறி வந்து அந்தச் சாக்ஸை என் முன்னால் வைத்தார். "இந்தாம்மா உன் பூட்டு. துவைச்சு வெச்சிருக்கேன்."

என்ன நினைத்தேனோ, பைக்குள் கைவிட்டு மற்றதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அக்கா இரண்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு ரெண்டும் இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா அக்கா."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "அடிப்பாவி! மெஷினு, கேபிளு, நெட்வொர்க்குன்னு அந்த இன்ஜினியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினாராமே!" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா டாக்டரம்மாவும் சிரிச்சிருப்பாங்க. இன்னொண்ண வீட்டுல வெச்சுட்டு வாடின்னு சொல்லியிருப்பாங்க. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். இரண்டு சாக்ஸையும் சேர்த்துச் சுருட்டினேன். அக்கா அதற்குமேல் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்து, "மணி அஞ்சாவுது. கெளம்பு" என்றார்.

அன்று ஆறே காலுக்கு வீட்டில் இருந்தேன். மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஓடி வந்து மடியில் ஏறினாள். பழைய இடத்தில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் தேய்த்தாள். நான் அசையாமல் இருந்தேன். தெருவில் பூக்காரர் கூவினார். அவள் உடனே தலையைத் தூக்கி, மடியிலிருந்து சறுக்கி இறங்கி, அவரைப் பார்க்க வாசலுக்கு ஓடினாள்.